சோலைக்குள் வெளுத்துப்போன ஆரஞ்சு

தொட்டபெட்டா பக்கத்துச் சோலைகளில் கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என்ற பறவையைப் பார்ப்பது பெரிய கஷ்டமில்லை, தரையோரப் புதரில் ஆளைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் என் படங்களில் ஆணின் நெஞ்சு மட்டும் இறகே தெரியாமல் மொத்தையான ஆரஞ்சுத் திட்டாக வந்துகொண்டிருந்தது. லென்ஸ் கோளாறாக இருக்கும் என்றார் நண்பர். பக்கத்திலிருந்த பாசி அவ்வளவு துல்லியமாக இருக்கும்போது எப்படி நம்புவது?

காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்தான். சுற்றிலும் இருட்டு, பறவையின் தலையும் இறக்கையும் வேறு கறுப்பு, அதனால் கேமரா எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பொதுவாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும், நிறம் பிரித்துக் காட்டுவதைத் திறந்தால் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அதாவது அளவு மீறி வெளுத்துவிட்டது. சரி என்று, லென்ஸ் திறப்பை நான் வைக்க ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைக்கும் அப்பர்ச்சர் மோடிலேயே எக்ஸ்போஷரை -1க்கு, அதாவது பாதி வெளிச்சத்துக்கு இறக்கி, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தேன். இறகுகள் வந்துவிட்டன. அப்புறம் எதிர்பாராத லாபம், 1/60 நொடியில் இருந்த ஷட்டர் 1/125 ஆனது, அசையாமல் உட்காரும் பறவைக்கு மோனோபாடோடு (ஒற்றைக்கால் தாங்கி) அது போதும். கறுப்பில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல், வரும்தான், அதைக் கம்ப்யூட்டரில் சமாளிக்கலாம், போன சிவப்பைத்தான் மீட்க முடியாது. பெண்ணுக்குத் தலை பழுப்பு, அதற்கு இவ்வளவு இறக்கத் தேவைப்படவில்லை.