பத்து நாணயங்களை வைத்து மணி வளைவைப் புரிந்துகொள்ளலாம்

மணி வளைவு என்பது இயல்நிலைப் பரவலின் (normal distribution) படம்தான். அந்தப் பரவலின் சூத்திரத்தை எடுத்தவுடன் மனப்பாடம் செய்யாதீர்கள், அது பயமுறுத்தத்தான் செய்யும். பத்து ஒரு ரூபாய் நாணயங்கள், ஒரு கட்டம் போட்ட தாள், இவை போதும்.

தாளின் அடியில் 0 முதல் 10 வரை எழுதுங்கள். பத்து நாணயங்களையும் குலுக்கிப் போட்டு, எத்தனை தலை விழுந்ததோ அந்த எண்ணுக்கு மேலே ஒரு கட்டத்தை நிரப்புங்கள். இப்படியே ஐம்பது அறுபது தடவை போட்டால் நடுவில் கட்டங்கள் குவிந்து, இரண்டு பக்கமும் சரிவதைப் பார்க்கலாம்.

ஏன் நடுவில்? பத்து நாணயங்களும் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 1024. பத்தும் தலையாக விழ ஒரே விதம்தான். ஒன்பது தலை என்றால் பூ விழும் அந்த ஒற்றை நாணயம் பத்தில் எதுவாகவும் இருக்கலாம், ஆக 10 விதம். எட்டுக்கு 45, ஏழுக்கு 120, ஆறுக்கு 210, ஐந்துக்கு 252. அதற்குக் கீழே இதே எண்கள் திரும்பி வரும். நடுவுக்கு வந்து சேர வழிகள் அதிகம், அவ்வளவுதான் விஷயம். இந்த இடம் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நாணயங்கள் கூடக்கூட இந்தப் படிக்கட்டு வழுவழுப்பான வளைவை நெருங்குகிறது என்று 1733இலேயே கணிதவியலாளர் தெ முவாவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சரி, அடுத்தது வளைவின் அகலம். எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று அதை அளப்பதுதான் திட்ட விலக்கம். 100 நாணயங்களுக்குச் சராசரி 50 தலை, திட்ட விலக்கம் 5. மணி வளைவில் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 68 சதவீதமும், இரண்டுக்குள் 95 சதவீதமும், மூன்றுக்குள் 99.7 சதவீதமும் அடங்கிவிடும். அப்படியானால் 40 முதல் 60 தலை வரை வருவது சகஜம். 70 வந்தால்? 70இலிருந்து 50ஐக் கழித்து 5ஆல் வகுங்கள்: நான்கு திட்ட விலக்கம். 70 அல்லது அதற்கு மேல் வருவது லட்சத்தில் நான்கு தடவைதான் நடக்கும், அதனால் நாணயத்தையே சந்தேகப்படலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஒன்றையொன்று சாராத பல சிறு காரணங்கள் கூடிச் சேரும் இடத்தில்தான் இந்த வளைவு வரும். குடும்ப வருமானம் அப்படியில்லை, அதன் வலது பக்கம் வால் நீண்டுகொண்டே போகும். அங்கே 68, 95 கணக்கைப் போடாதீர்கள், சராசரியைவிட இடைநிலை அளவை, அதாவது வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, பாருங்கள்.