கேமரா ஃபர்ம்வேர் புதுப்பிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர், நெட்வொர்க் வழியாகக் கேமரா ஒன்றின் ஃபர்ம்வேரை (அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில், நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் ஸ்விட்சின் போர்ட்டை அணைக்கப் போனதைப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே பிழை. பொறுமை தீர்ந்த நேரம்கூட ஏறக்குறைய அதேதான். மின்சாரம் நிலையாக இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள், கோப்பை உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே எடுங்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது

உலாவியில் 100% என்று காட்டினால், பல கேமராக்களில், கோப்பு கேமராவின் நினைவகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டுமே பொருள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஃபர்ம்வேர் பதிந்திருக்கும் 16 எம்பி ஃபிளாஷ் சிப் ஒன்றை 64 கேபி தொகுதிகளாக அழிப்பதாக வைத்துக்கொண்டால், அழிக்க வேண்டியவை 256 தொகுதிகள். புதிய சிப் ஒரு தொகுதியை நொடியில் சிறு பங்கிலேயே அழித்துவிடும். தேய்ந்த சிப்புக்கு ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். அழித்த பிறகு எழுத வேண்டும், எழுதியதைச் சரிபார்க்க வேண்டும், பிறகு கேமரா தானே மறுபடி எழ வேண்டும். இத்தனையும் நடக்கும்போது அது பிங்குக்கு (இருக்கிறாயா என்று கணினி கேட்கும் சோதனைச் செய்திக்கு) பதில் தராமல் இருப்பது இயல்பே. ஃபர்ம்வேரின் இரண்டு பிரதிகளை வைத்திருக்கும் கேமராக்கள் நடுவில் மின்சாரம் போனாலும் பழைய பிரதியைக் கொண்டு எழுந்துவிடும். ஒரே பிரதி உள்ளவற்றுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

நான் கெடுத்தது ஒரே பிரதி உள்ள கேமராவை. கிடங்கு ஒன்றில் ஏழு மீட்டர் உயரத் தூணில் அது இருந்தது. நான்கு நிமிடம் காத்திருந்தேன், கேமராவின் வலைப்பக்கம் வரவில்லை. போர்ட்டை அணைத்துப் போட்டேன். அதன் பிறகு இணைப்பு விளக்குகூட எரியவில்லை. ஏணி வைத்து இறக்கி, மூடியைக் கழற்றி, போர்டிலிருந்த சீரியல் முனைகளில் (கேமரா எழும்போது தரும் செய்திகளைக் கணினியில் படிக்க உதவுபவை) 3.3 வோல்ட் அடாப்டரை இணைத்து, 115200 வேகத்தில் பார்த்தபோது திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. அந்தப் புதுப்பிப்பு பூட்லோடரையும் (கேமராவை முதலில் எழுப்பும் சிறு நிரலையும்) சேர்த்து மாற்றும் வகையைச் சேர்ந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் மீட்புக் கோப்பைக் கேட்டு வாங்குவதே பூட்லோடர்தான் என்பதால், அது போன பிறகு நெட்வொர்க் வழியாகச் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. சிப்பில் நேரடியாக எழுதும் கருவியை இரவல் வாங்கி, அதே வகைக் கேமரா ஒன்றின் சிப்பிலிருந்து நகலெடுத்து எழுதினேன். கேமரா எழுந்தது, ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டது. எது எப்போது படம் தரும் என்று தெரியாமல் இன்னொரு நாள் முழுவதும் வீணானது.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்த உழைப்பு அல்ல. மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன்பு இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் போதும் என்பதுதான். இளைஞரின் கையைத் தடுத்து, நெட்வொர்க்கில் ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் நிரலைத் திறந்து காட்டினேன். கேமராவின் ஒட்டுச்சீட்டில் இருந்த மேக் முகவரியிலிருந்து ஏஆர்பி பொட்டலங்கள் (ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று கேட்டுச் சொல்லும் சிறு செய்திகள்) வந்துகொண்டிருந்தன. புதுப்பிப்பு அமைப்புகளை அழித்துவிட்டதால், கேமரா தன் தொழிற்சாலை முகவரிக்குத் திரும்பி, வேறொரு சப்நெட்டில் (முகவரிக் குழுவில்) நலமாக உட்கார்ந்திருந்தது. நாங்களோ பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். அந்த முகவரி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஹிக்விஷன் என்றால் பெரும்பாலும் 192.168.1.64, டாஹுவா என்றால் 192.168.1.108, பழைய ஆக்ஸிஸ் என்றால் 192.168.0.90.

ஆகவே, முதலில் பதினைந்து நிமிடம் கேமராவைத் தொடாமல் விடுங்கள். அதன் பிறகும் பக்கம் வரவில்லை என்றால், அந்த போர்ட் எத்தனை வாட் தருகிறது என்பதை ஸ்விட்சில் பாருங்கள். எண் ஏறி இறங்கினால் உள்ளே ஏதோ நடக்கிறது. அடுத்து ஏஆர்பியைப் பாருங்கள். இரண்டும் கைவிட்ட பிறகே மின்சாரத்தில் கை வைக்க வேண்டும்.

மாடல் எண்ணை மட்டும் பார்த்துக் கோப்பை எடுப்பது

ஒரே மாடல் பெயரில் வேறு சிப், வேறு சென்சார் கொண்ட கேமராக்கள் விற்கப்படுவதுண்டு. ஒரு சந்தைக்கென்று தயாரான கேமரா இன்னொரு சந்தையின் ஃபர்ம்வேரை ஏற்காமல் மொழிப் பிழை காட்டி நின்றுவிடுவதும் உண்டு. பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல், கேமராவின் தகவல் பக்கத்தில் இருக்கும் முழு ஃபர்ம்வேர் பதிப்பையும் வன்பொருள் பதிப்பையும் கோப்புடன் ஒப்பிட வேண்டும்.

பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்று நம்புவது

பல கேமராக்கள் அதை அனுமதிப்பதில்லை.

எல்லாக் கேமராக்களையும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பது

அமைப்புகள் அழிந்தால் எல்லாமே ஒரே தொழிற்சாலை முகவரியில் எழுந்து ஒன்றோடொன்று மோதும். பிறகு ஒவ்வொரு போர்ட்டாக அணைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். ஒன்றைச் செய்து, ஒரு நாள் ஓடவிட்டு, பதிவும் நேரமும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். இதைக் காரணம் காட்டிப் புதுப்பிப்பையே தள்ளிப்போடுவதும் சரியல்ல. 2021 செப்டம்பரில் வெளிவந்த சிவிஇ-2021-36260 (பொதுப் பட்டியலில் அந்த ஓட்டையின் எண்) போன்ற பாதுகாப்பு ஓட்டைகளில், கடவுச்சொல் இல்லாமலே கேமராவைக் கைப்பற்ற முடிந்தது.

வைஃபை வழியாகப் புதுப்பிப்பது

வேண்டாம்.

மீட்பின்போது கேமராவுக்கும் கணினிக்கும் நடுவே ஸ்விட்ச் இல்லாமல் இணைப்பது

பூட்லோடர் எழுந்ததும் சில நொடிகள் மட்டுமே டிஎஃப்டிபி சர்வரைத் தேடும். கேபிள் நேரடியாகக் கணினிக்கு வந்தால், கேமராவின் மின்சாரத்தை நிறுத்திய கணமே கணினியின் இணைப்பும் விழுந்துவிடும். கேமரா எழுந்து கோப்பைக் கேட்கும் வேளையில் கணினி இன்னும் தன் ஐபி முகவரியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்தால் கணினியின் இணைப்பு அறுபடாது. அதுவும் சாதாரண ஸ்விட்சாக இருப்பது நல்லது. ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் தரவு சுற்றிச் சுற்றி ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு) இயங்கும் ஸ்விட்ச், கேமராவின் போர்ட்டைப் பழைய இயல்புநிலைப்படி 15 நொடியும் 15 நொடியுமாக 30 நொடி நிறுத்திவைக்கும். அதற்குள் பூட்லோடர் கேட்டுக் களைத்துப்போயிருக்கும்.

கணினியின் ஃபயர்வாலில் யுடிபி 69 என்ற போர்ட்டை (இது ஸ்விட்சின் துளை அல்ல, மென்பொருளுக்கான வாயில் எண்) மட்டும் திறப்பதும் போதாது. முதல் கோரிக்கைதான் அந்த போர்ட்டுக்கு வரும். தரவுப் பரிமாற்றத்துக்குச் சர்வர் வேறொரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். எனவே போர்ட்டுக்கு அல்ல, டிஎஃப்டிபி சர்வர் நிரலுக்கே அனுமதி தர வேண்டும். கோப்பின் பெயர், பூட்லோடர் கேட்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். என்ன பெயரைக் கேட்கிறது என்பது வயர்ஷார்க்கில் அந்த முதல் கோரிக்கையிலேயே தெரியும். பரிமாற்றம் 32 எம்பியை நெருங்கும்போது நின்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். 1992ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி ஒரு தொகுதிக்கு 512 பைட்டுகள், தொகுதி எண்ணுக்கு 16 பிட்டுகள். 65535க்குப் பிறகு எண்ணைச் சுழியத்திலிருந்து தொடரத் தெரிந்த வேறொரு சர்வர் நிரலை எடுங்கள்.