மின்னிய டி லைட்

குளச்சலில் கடலோரமாகத்தான் வீடு. போன மழைக்காலத்தில், பழைய ஆட்டோமேட்டிக் காரில் தக்கலை போகும் வழியில் டேஷ்போர்டில் கியர் டிரைவில் இருப்பதைக் காட்டும் டி லைட் விட்டு விட்டு மின்னியது. கியரும் சரியாக மாறவில்லை. "கியர்பாக்ஸை இறக்கணும் அண்ணே" என்றார் ஒரு மெக்கானிக். எனக்கு மனசு கேட்கவில்லை. கியர் ஆயிலைப் பார்த்தேன்: நல்ல சிவப்பு, கருகிய வாடை இல்லை. அப்புறம் காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0705 என்ற கோளாறு கோட் வந்தது. கியர் லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரேஞ்ச் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருந்த அந்த சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினேன். உப்புக்காற்று வேலை செய்திருந்தது: இரண்டு பின்களில் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் பிரஷால் பொறுமையாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோட்-ஐ அழித்தேன். லைட் மறுபடி மின்னவில்லை.