நெல்லைப் பக்கம் டாக்டரை நேரில் பார்ப்பது எப்படி: டோக்கனிலிருந்து ரிவியூ வரை

ஊரடங்கு போய்விட்டது, மாஸ்க் போய்விட்டது, ஆனித் தேரோட்டமும் பாளையங்கோட்டை தசராவும் பழைய கூட்டத்தோடு நடக்கின்றன. ஆனால் டாக்டரை நேரில் பார்ப்பது மட்டும் பழையபடி ஆகவில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் கிளினிக் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் எப்படியும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். இப்போது உள்ளே நுழைந்ததும் "போன்ல பேர் குடுத்தீங்களா?" என்கிறார்கள்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. தொற்றுக் காலத்தில் கூட்டம் சேரக் கூடாதென்று ஒரு நாளைக்கு இத்தனை டோக்கன்தான் என்று வைத்தார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டிருந்த கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31-ஓடு முடிந்தன. டோக்கன் கணக்கு பல இடங்களில் அப்படியே நின்றுவிட்டது. டாக்டருக்கு அது வசதி. ராத்திரி பதினோரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்பதுக்கு வீட்டுக்குப் போகிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வயதான டாக்டர்கள் சிலர் சாயங்கால கிளினிக்கையே விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் தள்ளிப்போட்ட சோதனைகளோடு சேர்ந்து நோயாளிகள் கூட்டம் மட்டும் ஏறிவிட்டது.

சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அப்பாவுக்கு டோக்கன் போட முயல்கிறவர்களையும், ஊருக்குப் புதிதாக வந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: டோக்கனுக்குக் காத்திருக்கிற விஷயமா என்று பாருங்கள்

நெஞ்சில் அழுத்துகிற வலி, மூச்சுத் திணறல், வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை கால் திடீரென்று விழுவது, பாம்புக்கடி, குழந்தைக்கு வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. இதற்கெல்லாம் டோக்கன் கிடையாது, 108 தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அந்த நேரத்தை ரிசப்ஷன் நம்பர் பிஸியாக இருக்கிறதே என்று மறுபடி மறுபடி அடித்துக் கழிக்கக் கூடாது.

மற்றதில் ஒரே ஒரு கேள்வி: டாக்டர் தொட்டோ, அழுத்தியோ, ஸ்டெத் வைத்தோ பார்க்க வேண்டுமா? வயிற்று வலி, மார்பில் கட்டி, குழந்தையின் காது வலி, விடாத இருமல், சர்க்கரைக்காரரின் கால் புண் என்றால் நேரில்தான் போக வேண்டும். ரிப்போர்ட் காட்டுவது, மாத்திரை தொடரலாமா என்று கேட்பது போன்றவற்றுக்குப் போனே போதும். அதற்காக வள்ளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

படி 2: எந்த வாசல்?

எல்லாரும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கிற பெரிய டாக்டரிடமே போகப் பார்ப்பதால் பாதி நெரிசல். அப்பாயின்ட்மென்டே கேட்காத வாசல்கள் இருக்கின்றன.

காய்ச்சல், சளி, பிரஷர், சாதாரணப் புண் என்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். காலையிலேயே போய்விடுங்கள். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை மட்டும்தான் வேண்டுமென்றால், 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வருகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர் யாரென்று சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கண்ணுக்கு ஜங்ஷன் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இருக்கிறது; நேரே போய்ப் பதிந்து காத்திருந்து பார்த்துவிட்டு வரலாம். மூட்டு வலி, தோல் அரிப்பு என்று நாள்பட்ட தொந்தரவுக்குச் சித்த வைத்தியம் பார்க்க விருப்பமிருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1964-இல் தொடங்கியது. கபசுரக் குடிநீர்க் காலத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் பலர் இப்போது மறந்துவிட்டார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் வேண்டும், செலவும் கட்டாது என்றால் ஐகிரவுண்டு, அதாவது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அதற்குத் தனிப் படி வைத்திருக்கிறேன். தனியார் டாக்டர்தான் என்று முடிவு செய்தவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

படி 3: சரியான நம்பரும் சரியான நேரமும்

கூகுள் மேப்பில் கிடக்கிற நம்பர் பெரும்பாலும் பழையது, இல்லை டாக்டரின் சொந்த நம்பர். அதில் அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். டோக்கன் போடுகிற நம்பர் மருந்துச் சீட்டின் அடியிலோ, கிளினிக் ஷட்டரில் ஒட்டிய தாளிலோ இருக்கும். இரண்டும் இல்லையென்றால் கிளினிக்கை ஒட்டியிருக்கிற மெடிக்கலில் கேளுங்கள். டாக்டர் இன்றைக்கு வருவாரா, எத்தனை மணிக்கு வருவார், மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிறவர் இந்த வாரம் உண்டா, எல்லாம் அந்தக் கடை அண்ணாச்சிக்குத் தெரியும். நான் பார்த்தவரை ரிசப்ஷனைவிட அங்கேதான் சரியான தகவல் கிடைக்கிறது.

டோக்கன் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். காலை ஏழு மணி என்றால் ஏழுக்கே அடிக்க வேண்டும். எட்டுக்கு அடித்தால் பட்டியல் நிரம்பியிருக்கும். சில இடங்களில் வாட்ஸ்அப்பில் பெயர் அனுப்பினால் போதும். இன்னும் சில இடங்களில் போனே எடுக்க மாட்டார்கள், வாசலில் கிடக்கிற நோட்டில் பெயர் எழுத வேண்டும். பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்; நெல்லையில் பாதி டோக்கன் அத்தானும் சித்தப்பாவும் எழுதிப் போடுவதுதான்.

படி 4: போனில் என்ன சொல்வது

இந்தப் படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "டாக்டர் இருக்காங்களா? அப்பாயின்ட்மென்ட் வேணும்" என்று கேட்டால், "இன்னைக்கு முடிஞ்சிட்டு, நாளைக்குப் போடுங்க" என்று பதில் வரும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பட்டியல் நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கிளினிக்கிலும் அவசரத்துக்கு இரண்டொரு பேரை நடுவில் விடுவார்கள். யாரை விடுவது என்று அவர் டாக்டரிடம் கேட்க வேண்டுமானால், கேட்பதற்கு ஒரு காரணம் நீங்கள் தந்திருக்க வேண்டும்.

இப்படிப் பேசிப் பாருங்கள்:

"தங்கச்சி, களக்காட்டுலருந்து பேசுதேன். எங்க அம்மாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு. கால்ல புண்ணு வந்து நாலு நாளாவுது. நேத்துலருந்து பாதம் வீங்கிட்டு, காய்ச்சலும் இருக்கு. போன வருசம் அங்கதான் பாத்தோம், பழைய சீட்டு கையில இருக்கு."

"டோக்கன் முடிஞ்சிட்டே அண்ணாச்சி."

"சரிம்மா. புண்ணை நேர்ல பாத்தாத்தான் தெரியும், அதான் கேக்கேன். யாரும் வராமப் போனா அந்த எடத்துல விடுவீங்களா? நாங்க வந்து உக்காந்துக்கிடுதோம். டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

"இருங்க, கேட்டுச் சொல்லுதேன்."

இதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். ஊர் இருக்கிறது, தூரத்திலிருந்து வருகிறவர்கள் என்று தெரிகிறது. வயது, பழைய நோய், எத்தனை நாள், நேற்றிலிருந்து என்ன கூடியிருக்கிறது, எதற்காக நேரில் பார்க்க வேண்டும், ஏற்கெனவே அவரிடம் பார்த்தவர்களா என்பதெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. "எனக்கு இன்னாரைத் தெரியும்" என்ற ஆரம்பம் எங்கேயாவது வேலை செய்யலாம்; அடுத்த தடவை அதே ரிசப்ஷனில் உங்கள் பெயருக்கு என்ன மரியாதை இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டோக்கனுக்காக இல்லாத நெஞ்சு வலியைச் சொல்லாதீர்கள். நேரே ஈசிஜி எடுக்க அனுப்பிவிடுவார்கள்.

மேலே சொன்ன அம்மாவுக்கு அன்றைக்கே இடம் கிடைக்கவில்லை என்றால் மறுநாள் டோக்கனுக்குக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரையோடு புண், வீக்கம், காய்ச்சல் சேர்ந்தால் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போய்விட வேண்டும்.

போனை வைக்கும் முன் இன்னொன்று: "வெறும் வயித்தோட வரணுமா? ரத்தம் ஏதும் பாத்துட்டு வரணுமா?" இதைக் கேட்காமல் போனால், டெஸ்ட் எழுதிக் கொடுத்து இன்னொரு டோக்கனுக்கு அனுப்புவார்கள்.

படி 5: "போன்லயே டாக்டர் பேசுவாங்க" என்றால்

தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச் 25-இல், நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் வந்தன. டாக்டர் போனிலோ வீடியோவிலோ பார்ப்பது அதன்படி முறையானதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே "இது போதாது, நேரில் வாருங்கள்" என்று டாக்டர் நிறுத்தலாம். வேண்டாமென்று நோயாளியும் நிறுத்திக்கொள்ளலாம். ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மருந்துகளையும் போதை மருந்துப் பட்டியலில் இருப்பவற்றையும் போன் வழியாக எழுதவே கூடாது.

அதனால் போன் ஆலோசனை கொடுத்தால் முறைத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள், நேரில் போவதற்கு அதையே வழியாக்குங்கள். விஷயத்தைச் சொன்ன கையோடு, "நேர்ல பாக்கணுமா டாக்டர்? எப்பம் வரட்டும்?" என்று கேளுங்கள். டாக்டரே "நாளைக்கு வாங்க" என்றுவிட்டால், அதற்குப் பிறகு ரிசப்ஷனில் "டாக்டர் வரச் சொன்னாங்க" என்ற மூன்று வார்த்தை போதும்.

காசில்லாமல் இதைச் செய்ய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. மொபைல் நம்பரைக் கொடுத்து, வருகிற ஓடிபியைப் போட்டுப் பதிந்து, டோக்கன் எடுத்தால் வீடியோவில் டாக்டர் வருவார். மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். தாத்தா ஆச்சிக்கு என்றால் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை உட்கார வேண்டும். எங்கே போவது என்றே புரியாவிட்டால் 104-க்கு அடித்து ஆலோசனை கேட்கலாம்.

படி 6: டோக்கன் கணக்கும் கடைசி பஸ்ஸும்

டோக்கன் 24 என்றால் உங்களுக்கு முன்னால் 23 பேர். ஆளுக்கு 7 நிமிடம் வைத்தால் 161 நிமிடம், கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம். போர்டில் ஐந்து மணி என்று போட்டிருந்தாலும் டாக்டர் வார்டு பார்த்துவிட்டு ஆறுக்கு வந்தால், உங்கள் முறை வர எட்டே முக்கால். நடுவில் ரிப்போர்ட் காட்டுகிறவர்களும் மருந்து கம்பெனி ரெப்புகளும் நுழைவார்கள். திசையன்விளைக்கோ முக்கூடலுக்கோ திரும்ப வேண்டியவர்கள் டோக்கன் போடும்போதே, "கடைசி பஸ்ஸப் புடிக்கணும், முன்னால ஒரு நம்பர் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஆனித் தேரோட்டத்தன்று டவுன் கிளினிக்குக்கு டோக்கன் போடவே வேண்டாம். போய்ச் சேரவே முடியாது.

படி 7: பை

பழைய சீட்டுகள் தேதி வரிசையில், மாத்திரை அட்டைகள் அப்படியே ("வெள்ளையா ஒரு மாத்திரை" என்பதை வைத்து யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது), கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு துண்டுத் தாளில், சில்லறை, தண்ணீர். அவ்வளவுதான்.

படி 8: ஐகிரவுண்டுக்குப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையை எங்கள் பக்கம் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் சட்டென்று புரியும். வெளிநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள். பதினொரு மணிக்கு நிதானமாகப் போய் இறங்குகிறவர்கள் பாதி நாள் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

முதலில் ஓபி சீட்டு வரிசை. ஆதாரும் மொபைல் நம்பரும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நோயின் பெயரைச் சொல்லாமல் தொந்தரவைச் சொல்லுங்கள். எந்தத் துறை என்று அவர்களே போட்டுத் தருவார்கள். சில அரசு மருத்துவமனைகளில் கியூஆர் கோடை ஒட்டியிருப்பார்கள். ஆபா எனப்படும் 14 இலக்க சுகாதார அடையாள எண்ணை எடுத்து வைத்திருந்தால் போனில் ஸ்கேன் செய்ததும் டோக்கன் வந்துவிடும், சீட்டு வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

பெரிய துறைகளில் டாக்டர்கள் யூனிட்டாகப் பிரிந்திருப்பார்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓபி பார்க்கிற கிழமை தனி. செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்த்த டாக்டரை வியாழக்கிழமை போய்த் தேடினால் இருக்க மாட்டார். வேறு யூனிட் டாக்டர் முதலிலிருந்து கதை கேட்பார். சீட்டில் யூனிட் எண் எழுதியிருக்கும். முதல் தடவை பார்த்த கிழமையிலேயே திரும்பப் போங்கள். இதய நோய், சிறுநீரகம், நரம்பு போன்ற பிரிவுகளுக்கு எந்தக் கிழமை என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டால் ஒரு அலைச்சல் மிச்சம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்ளே சேர்ந்து சிகிச்சை எடுக்கும்போதுதான் உதவும். ஓபி பார்க்க அது வேண்டியதில்லை, இருந்தாலும் பையில் கிடக்கட்டும்.

படி 9: ரிவியூ

டாக்டர் "பத்து நாள் கழிச்சு வாங்க" என்றதும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "நேர்லயா, போன்லயா?" என்று அவரிடமே கேளுங்கள். நேரில் என்றால் வெளியே வந்ததும் ரிசப்ஷனில் அந்தத் தேதிக்குப் பெயரை எழுதச் சொல்லுங்கள். "அவ்வளவு முன்னாடி போட மாட்டோம்" என்றால் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு அடிக்க வேண்டும் என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். ரிவியூவுக்கு மறுபடி பீஸ் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். இத்தனை நாளுக்குள் வந்தால் வாங்க மாட்டோம் என்று வைத்திருக்கிற டாக்டர்கள் உண்டு, நாமாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.