வானிலைச் செயற்கைக்கோளின் படத்தை நம் கணினியில் நேரடியாகப் பெறுவது எப்படி?

செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் படம் பெறுவதற்குப் பெரிய வட்ட ஆன்டெனா வேண்டும் என்று ஒருவர் சொல்வதையும், அதெல்லாம் வேண்டாம், விலை உயர்ந்த ரேடியோ ஒன்று இருந்தால் போதும் என்று மற்றவர் மறுப்பதையும் கருவிகளில் ஆர்வமுள்ள எவரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். உண்மையில் இரண்டுமே தேவையில்லை. ரேடியோ அலைகளைப் பெற்றுக் கணினிக்குத் தரும், கட்டைவிரல் அளவுள்ள ஒரு யூஎஸ்பி டாங்கிள், இரண்டு உலோகக் கம்பிகள், சாதாரண மடிக்கணினி ஆகியவற்றைக் கொண்டே, சுமார் 820 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் எடுக்கும் மேகப் படத்தை, அது நம் வானத்தைக் கடக்கும் கால்மணி நேரத்துக்குள் பெற்றுவிடலாம். மூன்று வாரங்கள் ஒரு வரிகூடக் கிடைக்காமல் இருந்து, அதன் பிறகுதான் என் முதல் படத்தைப் பெற்றேன். அந்த மூன்று வாரங்களிலும் தடையாக இருந்தது கருவியின் தரம் அன்று, இரைச்சல்; அதாவது நமக்கு வேண்டிய சிக்னலை மூழ்கடிக்கும் வேண்டாத ரேடியோ அலைகள். ஆகவே இந்த விளக்கத்தில் மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்லி, இரைச்சலைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எந்தச் சிக்னலைப் பெறப்போகிறோம்

2023 ஜூனில் ஏவப்பட்ட மீட்டியோர் எம்2-3, 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட மீட்டியோர் எம்2-4 ஆகிய இரண்டும் துருவங்களை ஒட்டிய பாதையில் புவியைச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நிமிடங்கள் ஆகும். கீழே புவியும் சுழன்றுகொண்டிருப்பதால், உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரு நாளில் சில முறையாவது இவை உங்கள் வானத்தைக் கடக்கும். இவை தாம் பார்ப்பதை 137.9 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சமயம் 137.1 மெகாஹெர்ட்ஸில், எந்தப் பூட்டும் இல்லாமல் ஒலிபரப்பிக்கொண்டே செல்கின்றன. இந்த ஒலிபரப்பு முறைக்கு எல்ஆர்பிடி என்று பெயர். சுமார் 2,800 கிலோமீட்டர் அகலமான நிலப்பரப்பு, ஒரு புள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற நுணுக்கத்தில் கிடைக்கும். நாம் எதையும் அனுப்புவதில்லை, பெறுவது மட்டுமே நம் வேலை. ஆனாலும் ரேடியோ விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், உங்கள் நாட்டின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இது டிஜிட்டல் சிக்னல். பழைய அனலாக் முறையில் சிக்னல் பலவீனமாக இருந்தாலும் புள்ளிகள் நிறைந்த மங்கலான படமாவது கிடைக்கும். எதையோ சரியாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கையாவது பிறக்கும். எல்ஆர்பிடியில் அப்படியில்லை. பிழைதிருத்தம் வேலை செய்யும் அளவுக்குச் சிக்னல் இரைச்சலைவிட மேலே நின்றால் தெளிவான படம் வரும். அந்த எல்லைக்குச் சற்றே கீழே இறங்கினாலும் ஒன்றும் வராது. ஆகவே வெறும் திரையைக் கண்டவுடன் எல்லாமே தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு டெசிபெல் (சிக்னலின் வலிமையை ஒப்பிடும் அலகு) மட்டுமே குறைந்திருக்கும்.

முதல் படி: டாங்கிளும் டிரைவரும்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று கேட்டு வாங்குங்கள். இதிலுள்ள ஆர்டிஎல்2832யூ சில்லு, டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது; அதிலிருந்து பதப்படுத்தாத ரேடியோத் தரவை நேரடியாக எடுக்க முடியும் என்பதை ஆர்வலர்கள் 2012 வாக்கில் கண்டறிந்து பரப்பியதிலிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கு எளியவர்களின் கைக்கு வந்தது. பிளாஸ்டிக் உறை கொண்டதைத் தவிர்த்து, உலோக உறையும் வெப்பநிலைக்கேற்ப மாறாத டிசிஎக்ஸ்ஓ அலைவியும் உள்ளதையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் உலோக உறை என்பது மூன்றாம் படியில் புரியும்.

விண்டோஸில் சாடிக் என்னும் சிறு நிரலைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் காட்டும் தெரிவை இயக்கி, இடைமுகம் பூஜ்யம் என்று குறிக்கப்பட்டுள்ள டாங்கிளுக்கு வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள். லினக்ஸில், டாங்கிளைத் தொலைக்காட்சிப் பெட்டியாக எண்ணி முந்திக்கொண்டு கைப்பற்றும் டிவிபி கர்னல் தொகுதியைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் போதும்.

இரண்டாம் படி: வி வடிவ ஆன்டெனா

ஒவ்வொன்றும் 53.4 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினிய அல்லது செம்புக் கம்பிகளை எடுத்து, அவற்றுக்கு இடையே 120 பாகைக் கோணம் இருக்குமாறு ஒரு மரத்துண்டின் மீது பொருத்துங்கள். கம்பிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும், வெளிப்பின்னலை மற்றதிலும் இணையுங்கள். இந்த நீளம், 137 மெகாஹெர்ட்ஸின் சுமார் 2.18 மீட்டர் அலைநீளத்தில் கால் பங்கைச் சற்றே குறைத்ததால் வருவது. நேராக நீட்டிய இருமுனை ஆன்டெனாவின் மின்தடுப்பு சுமார் 73 ஓம். கோணத்தை 120 பாகையாகக் குறுக்கும்போது அது டாங்கிள் எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு அருகே வந்துவிடுகிறது.

இந்த ஆன்டெனாவை நட்டுவைக்காமல் தரைக்கு இணையாகப் படுக்கவைக்க வேண்டும். வி எழுத்தின் திறந்த பக்கம் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும். அப்போது அது வானத்தை நன்றாகப் பார்ப்பதோடு, நிமிர்ந்து நிற்கும் கோபுரங்களிலிருந்து வரும் தரைச் சிக்னல்களைப் பெருமளவு புறக்கணித்துவிடும். சுருள் வடிவிலான கியூஎஃப்எச் ஆன்டெனா இதைவிடச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைச் சரியான அளவில் வளைத்துக் கட்டுவது கடினம் என்பதால், முதல் படத்தைப் பெற்ற பிறகு அதில் இறங்குங்கள். தொலைக்காட்சிக்குப் பயன்படும் 75 ஓம் கேபிள் கையில் இருந்தால் தயங்காமல் அதையே பயன்படுத்துங்கள். மின்தடுப்பு ஒத்துப்போகாததால் ஏற்படும் இழப்பு 0.2 டெசிபெல்லைவிடக் குறைவு.

மூன்றாம் படி: இரைச்சலும் கெயினும்

மூன்று வாரங்கள் நான் திரும்பத் திரும்பச் செய்த தவறு என்னவென்றால், டாங்கிள் பெறுவதைத் திரையில் காட்டும் எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் மென்பொருளில் கெயின் அளவை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, உச்சத்தில், அதாவது 49.6 டெசிபெல்லில் வைத்திருந்ததுதான். தொலைவிலிருந்து வரும் பலவீனமான சிக்னலுக்கு அதிகப் பெருக்கம் தேவை என்று நினைப்பது இயல்பே. ஆனால் பெருக்கி நமக்கு வேண்டிய சிக்னலைத் தனியே பிரித்துப் பெருக்குவதில்லை. அதோடு வரும் இரைச்சலையும், பக்கத்தில் முழங்கும் பண்பலை வானொலிகளையும் சேர்த்தே பெருக்குகிறது. டாங்கிளில் உள்ள டிஜிட்டல் மாற்றி வெறும் 8 பிட் கொண்டது. அதனால் ஏறத்தாழ 48 டெசிபெல் இடைவெளிக்குள் இருக்கும் சிக்னல்களை மட்டுமே அது ஒரே நேரத்தில் பிரித்துக் காட்ட முடியும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலிகள் பெருக்கியை நிரப்பிவிட்டால், அது திணறி, இல்லாத இடங்களிலெல்லாம் போலிச் சிக்னல்களை உருவாக்கும். என் திரையில் 137.9க்கு அருகே தெரிந்த மெல்லிய கோடுகளைச் செயற்கைக்கோள் என்றே நம்பிப் பல இரவுகள் பதிவுசெய்தேன். அவை அனைத்தும் வானொலிகளின் நிழல்கள்.

சரியான கெயினைக் கண்டறிய, செயற்கைக்கோள் வானில் இல்லாத ஒரு நேரத்தில் பின்வருமாறு செய்யுங்கள். முதலில் தானியங்கிக் கெயினை அணைத்துவிடுங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, 137.9 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கெயினைப் பூஜ்யத்தில் வைத்து ஆன்டெனாவை இணைத்து, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். தொடக்கத்தில் மட்டம் நகராது. அப்போது நீங்கள் பார்ப்பது டாங்கிளின் சொந்த இரைச்சல். ஒரு கட்டத்துக்குப் பிறகு மட்டம் கெயினோடு சேர்ந்து ஏறத் தொடங்கும். அங்கே நிறுத்தி ஆன்டெனாவை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். மாட்டும்போது மட்டம் சில டெசிபெல்கள் தெளிவாக உயர்ந்தால், வெளியிலிருந்து வருவதையே டாங்கிள் கேட்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஏற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. கெயினை ஒரு படி ஏற்றும்போது மட்டம் அந்தப் படியின் அளவைவிட அதிகமாகத் தாவினாலோ, புதிய கோடுகள் திடீரென்று முளைத்தாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்; இரண்டு படிகள் இறங்குங்கள். என் இடத்தில் இந்த அளவு 29.7 டெசிபெல்லாக அமைந்தது. உங்கள் இடத்தில் அது வேறாகத்தான் இருக்கும் என்பதால் என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, இரைச்சலின் ஊற்றைத் தேட வேண்டும். சிக்னல்களை நேர வரிசையில் மேலிருந்து கீழே வழியவிட்டுக் காட்டும் நீர்வீழ்ச்சி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி மின்கலத்தில் ஓடவிட்ட அந்த நொடியில், என் திரையில் இரைச்சல் மட்டம் 9 டெசிபெல் இறங்கியது. எந்தப் பெருக்கியை வாங்கியிருந்தாலும் எனக்கு அந்த 9 டெசிபெல் கிடைத்திருக்காது. எல்இடி விளக்குகள், வெளித்திரைக்குச் செல்லும் எச்டிஎம்ஐ கேபிள், மலிவான அடாப்டர்கள் ஆகியவையும் வழக்கமான குற்றவாளிகள். டாங்கிளை மடிக்கணினியில் நேரடியாகச் செருகாமல், கவசமுள்ள ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளின் முனையில் தள்ளி வையுங்கள். அதன் இரு முனைகளிலும், கேபிள் வழியே வரும் இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுவது இன்னும் நல்லது. டாங்கிளின் உலோக உறை உதவுவது இங்கேதான்: கணினியின் இரைச்சல் சில்லுக்குள் நேரடியாகப் புகாமல் அது தடுக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் செலவிட விரும்பினால், முதலில் பண்பலையைத் தடுக்கும் வடிகட்டியை வாங்குங்கள். எல்என்ஏ என்னும் முன்பெருக்கியை அதற்கு அடுத்தபடியாகவே பரிந்துரைப்பேன். அதையும் ஆன்டெனாவின் அடியிலேயே பொருத்த வேண்டும். கேபிளில் தேய்ந்துபோன சிக்னலை இந்த முனையில் பெருக்குவதால் இழந்தது திரும்பாது.

நான்காம் படி: நேரத்தைக் கணித்தல்

ஜிப்ரெடிக்ட் மென்பொருளில் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, சுற்றுப்பாதைத் தரவை அன்றன்று புதுப்பித்துக்கொள்ளுங்கள். அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் எழும் கடப்புகளை மட்டும் முதலில் முயலுங்கள்.

ஐந்தாம் படி: பதிவும் படமும்

சாட்டம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளையே நான் பயன்படுத்துகிறேன். முன்பு ஒரு நிரலில் பதிவுசெய்து, இன்னொன்றில் பிரித்து, மூன்றாவதில் படமாக்க வேண்டியிருந்த வேலை முழுவதையும் இது ஒன்றே செய்துவிடுகிறது. பதிவுப் பகுதியில் டாங்கிளைத் தேர்ந்தெடுத்து, அலைவரிசையை 137.9 மெகாஹெர்ட்ஸ் என்றும், மாதிரி வேகத்தை விநாடிக்கு 10.24 லட்சம் என்றும், கெயினை மூன்றாம் படியில் கண்ட அளவென்றும் அமையுங்கள். செயலாக்கப் பட்டியலில் மீட்டியோர் எம்2-எக்ஸ் எல்ஆர்பிடி 72கே என்பதைத் தேர்ந்தெடுங்கள். செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் டாப்ளர் விளைவால் அலைவரிசை சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் நகரும். சிக்னலின் அகலம் 100 கிலோஹெர்ட்ஸுக்கும் அதிகம் என்பதாலும் மென்பொருளே அதைப் பின்தொடர்வதாலும் அதற்காக நீங்கள் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

கூடவே பதப்படுத்தாத தரவையும் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நேரடியாகப் பிரிக்கும்போது ஏதேனும் தவறினால், அடுத்த கடப்புக்காகக் காத்திராமல் அந்தக் கோப்பிலிருந்தே மீண்டும் முயலலாம். 8 பிட் வடிவில் சேமித்தால் 15 நிமிடங்களுக்கு 2 ஜிகாபைட்டைவிடக் குறைவான இடமே பிடிக்கும். டாங்கிள் தருவதே 8 பிட் தரவு என்பதால் அதைவிடப் பெரிய வடிவத்தில் சேமிப்பதில் பொருளில்லை.

சிக்னல்-இரைச்சல் விகிதம் 5 டெசிபெல்லைத் தாண்டியதும், திரையில் நான்கு புள்ளிக் கூட்டங்கள் தனித்தனியே பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். சற்று நேரத்தில் ஒத்திசைவு கிடைத்ததாக, அதாவது மென்பொருள் சிக்னலைப் பிடித்துப் பிரிக்கத் தொடங்கிவிட்டதாக, பச்சை நிறத்தில் காட்டும். அந்தப் பச்சையை முதன்முதலாகப் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

பின்னர் சேர்த்தது: நோவா செயற்கைக்கோள்கள்

பழைய விளக்கங்களைப் பின்பற்றி 137.62, 137.9125 மெகாஹெர்ட்ஸ்களில் காத்திருந்தும் எதுவும் கேட்கவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். தவறு அவர்களுடையதன்று. அனலாக் படங்களை அனுப்பிவந்த அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா 18, நோவா 19, நோவா 15 ஆகிய மூன்றும் 2025 ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே அடுத்தடுத்துப் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அவற்றில் நோவா 15 ஏவப்பட்டது 1998இல்; இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தது. அவற்றுக்காகக் கட்டிய ஆன்டெனாவை மாற்ற வேண்டியதில்லை, மீட்டியோருக்கும் அதுவே பொருந்தும். எம்2-3ஐவிட எம்2-4இன் சிக்னல் எனக்கு எப்போதும் வலுவாகக் கிடைப்பதால், புதியவர்கள் அதிலிருந்தே தொடங்குங்கள்.

மீண்டும் ஒரு சேர்க்கை: தலைகீழான படமும் கறுப்புப் படமும்

படம் தலைகீழாக வருகிறது என்றால் செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே சென்றிருக்கிறது. அது பார்த்த வரிசையிலேயே வரிகள் அடுக்கப்படுவதால் தெற்கு மேலே வந்துவிடும். சாட்டம்பின் காட்சிப் பகுதியில் சுழற்றும் தெரிவை இயக்கினால் சரியாகிவிடும். ஒத்திசைவு கிடைத்தும் வண்ணப் படம் முழுக்கக் கறுப்பாக வந்தால், கடப்பு இரவில் நடந்ததா என்று பாருங்கள். செயற்கைக்கோளிலுள்ள படக்கருவியின் ஆறு அலைப்பட்டைகளில் மூன்று மட்டுமே எல்ஆர்பிடியில் அனுப்பப்படுகின்றன. அவற்றுள் ஒளியைப் பதிவுசெய்பவை இரவில் வெறுமையாகவே இருக்கும். வண்ணக் கலவையை விட்டுவிட்டு அகச்சிவப்புப் பட்டையைத் தனியாகத் திறந்தால், குளிர்ந்த மேகங்கள் அங்கே தெளிவாகத் தெரியும்.