பழைய வீட்டைச் சீர்செய்யத் திட்டமிடுவது எப்படி: காத்திருக்கும் நாட்களையும் எழுதுங்கள்

சேலத்தின் குகைப் பகுதியில் என் தாத்தா கட்டிய வீட்டைச் சீர்செய்து முடித்து மூன்று மாதங்கள் ஆகின்றன. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள்மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய தட்டைக் கூரை), பின்கட்டு நாட்டு ஓடு, நடுவே ஒரு சிறிய முற்றம், கூடத்தில் குழித்தறி (குழிக்குள் கால் வைத்து நெய்யும் கைத்தறி) இருந்த பள்ளம். எட்டு மாதத்தில் முடிப்பதாகத் திட்டம் போட்டேன். பத்தொன்பது மாதங்கள் ஆயின. பணத்துக்குத் தட்டுப்பாடு இல்லை, ஆளும் கிடைத்தார்கள். திட்டத் தாளில் ஒரு நெடுவரிசையை நான் போடாமல் விட்டதுதான் காரணம். அந்த நெடுவரிசைக்காகவே இதை எழுதுகிறேன்.

பட்டா, வில்லங்கச் சான்று, பங்காளிகளின் சம்மதம் எல்லாம் கையில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சுவரை இடித்து மாற்றும் எண்ணம் இருந்தால் மாநகராட்சியிலும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: வீட்டை எண்களாக மாற்றுங்கள்

ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். ஒவ்வொரு கதவுக்கும் சன்னலுக்கும் உத்தரத்துக்கும் அறை எண்ணோடு சேர்ந்த ஓர் எண். 3-ஆம் அறையின் இரண்டாவது உத்தரம் என்றால் 3/உ2. சுண்ணக்கட்டியால் அந்த எண்ணை மரத்திலேயே எழுதிப் படம் எடுங்கள். பிறகு ஆசாரியோடு தொலைபேசியில் பேசும்போது "வடக்குப் பக்கத்து உத்தரம்" என்று தடுமாற வேண்டியதில்லை.

அளப்பதற்கு லேசர் அளவி வாங்குங்கள். பழைய வீட்டுச் சுவர்கள் நேராக இருப்பதில்லை. நாடாவைப் பிடிக்க இன்னோர் ஆள் தேவைப்படும், அவர் தொய்வாகப் பிடித்தால் அளவு தவறும். வரைவதற்குக் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும்.

மரத்தைச் சோதிக்கக் கண்ணை நம்பாதீர்கள். சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்; உள்ளே கறையான் அரித்திருந்தால் உள்ளே காலியாக இருப்பதுபோல் ஓசை வரும். உத்தரம் சுவருக்குள் போகும் முனையில் உளியால் குத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் பதினோரு உத்தரங்களில் நான்கு அந்த முனையில் மட்டுமே கெட்டிருந்தன. நடுப்பகுதி தேக்கு இன்றைக்கும் உளியைத் திருப்பி அனுப்புகிறது.

இரண்டாம் படி: செய்யப் போகாதவற்றின் பட்டியல்

செய்ய வேண்டியவற்றின் பட்டியலை எல்லோரும் போடுகிறார்கள். செய்யப் போகாதவற்றையும் எழுதி, வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். தறிக்குழியை மூடித் தளம் போடுவதாக நான் எழுதியிருந்தேன். அத்தை அதைக் கேட்டதும் எழுந்து போய்க் குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். பதினான்கு வயதிலிருந்து கால் வைத்த இடம் அது. அன்றே "தறிக்குழி மூடப்படாது, பலகை மூடி மட்டும்" என்று மாற்றினேன். கொத்தனார் வந்த பிறகு இது தெரிந்திருந்தால், போட்ட தளத்தைப் பெயர்க்க வேண்டி வந்திருக்கும்.

சுவர்களுக்குச் சிமென்ட் பூச்சு கிடையாது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சி, மேற்பரப்பு வழியாக வெளியே விடுகிறது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. இன்னும் உயரத்துக்கு ஏறி, உப்புப் பூத்து, பூச்சையே தள்ளிக்கொண்டு வரும்.

மூன்றாம் படி: திட்டத் தாள்

செயலிகள் பலவற்றைப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு அவை அதிகம். கணினியில் லிப்ரே ஆபிஸ் விரிதாள் ஒன்று, கூலிக்கும் பொருளுக்கும் நீளமான கணக்கு நோட்டு ஒன்று, இவையே போதும். நோட்டு வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். கொத்தனாரும் அதில் எழுத வேண்டும்.

விரிதாளில் இந்த நெடுவரிசைகளை வையுங்கள்: வேலை, எது முடிந்த பிறகு, யார், வேலை நாட்கள், காத்திருக்கும் நாட்கள், தேவையான பொருள், பொருளைச் சொல்லிவைக்க வேண்டிய தேதி.

"எது முடிந்த பிறகு" என்பதுதான் கிரிட்டிகல் பாத் முறையின் உயிர். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைகளின் பணிகளுக்காக உருவாக்க உதவிய முறை அது. ஒன்றை ஒன்று எதிர்பார்த்து நிற்கும் வேலைகளை வரிசையாகக் கோத்து, அதில் மிக நீளமான சங்கிலி எதுவென்று பாருங்கள். அந்தச் சங்கிலியில் ஒரு நாள் பிந்தினால் வீடே ஒரு நாள் பிந்தும். மற்றவற்றுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஆகவே உங்கள் கவலை முழுவதும் அந்த ஒரு சங்கிலிமேல் இருக்கட்டும்.

நான் தவறியது "காத்திருக்கும் நாட்கள்" என்ற நெடுவரிசையில். என் முதல் தாளில் அது இல்லவே இல்லை. முன்கட்டு மேல்தளத்துக்கு 19 வேலை நாட்கள் என்று கொத்தனார் சொன்னார். மூன்று வாரம் என்று எழுதிக்கொண்டு, ஆகஸ்ட் மாதக் கடைசியில் தளத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். பிரிக்கத் தொடங்கிய அன்று மாலை கொத்தனார் கேட்டார்: "தம்பி, ஆள் எத்தனை வேண்டுமானாலும் கூட்டி வருகிறேன். சுண்ணாம்பு எங்கே?"

கடையில் போய் வாங்கிவரலாம் என்று நினைத்திருந்தேன். சுட்ட சுண்ணாம்பு வாங்கலாம்தான். ஆனால் அதைத் தொட்டியில் தண்ணீரோடு சேர்த்து நீற்றி, தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் வைத்திருந்தால்தான் நீறாத கட்டிகள் அடங்கி வெண்ணெய் பதத்துக்கு வரும். நீறாத கட்டி காரைக்குள் போனால், பூசிய பிறகு நீறிப் பருத்துப் பூச்சை வெடிக்கச் செய்யும். தளத்தில் தெளிப்பதற்காகக் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீருக்கும் தனியாக நாட்கள் வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் முழுவதும் மழை. தார்ப்பாய்க்குக் கீழே எங்கள் முன்கட்டு நனைந்தது. அதற்கு முன்பே முடித்திருந்த இரண்டு அறைகளின் பூச்சு ஊறிப் பெயர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களை நான் மறக்கவில்லை.

அதே தளத்தை அடுத்த தை மாதத்தில் எப்படித் திட்டமிட்டேன் என்பதைப் பாருங்கள். முடிக்க வேண்டிய நாளை முதலில் வைத்துப் பின்னோக்கி எண்ணினேன். கோடை இடிமழை பிடிக்கும் முன்பு, சித்திரை பிறப்பதற்குள் தளம் மூடியாக வேண்டும். ஏப்ரல் 10 என்று வைத்தேன்.

பழைய தளத்தைப் பிரிக்க 3 நாள். உத்தரம் மாற்ற 4 நாள். டெரஸ் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் அடுக்க 3 நாள். அது இறுக 20 நாள் காத்திருப்பு. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் நீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்க 5 நாள். ஈரம் காயாமல் வைத்திருக்க 15 நாள் காத்திருப்பு. தட்டோடு (தட்டையான மேல்தள ஓடு) பதிக்க 4 நாள். வேலை 19 நாள், காத்திருப்பு 35 நாள், ஆக 54. இதற்கெல்லாம் முன்னால் சுண்ணாம்பு நீறிக் கிடக்க 30 நாள். மொத்தம் 84. ஏப்ரல் 10-லிருந்து 84 நாட்களைக் கழித்தால் ஜனவரி 16. பொங்கல் முடிந்த கையோடு தொட்டியில் சுண்ணாம்பு விழுந்தாக வேண்டும்!

விழுந்தது. தேக்கு உத்தரத்தையும் அன்றே மரக்கடையில் சொல்லிவைத்தோம். ஏப்ரல் 8-ஆம் தேதி கடைசித் தட்டோடு பதிந்தது.

இவை எங்கள் கொத்தனார் கேட்ட நாட்கள். உங்களுடையவர் வேறு எண் சொல்லக்கூடும். அவர் சொல்வதையே எழுதுங்கள். ஆனால் "எத்தனை நாள் வேலை" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "வேலைக்கு முன்னால் எத்தனை நாள், பின்னால் எத்தனை நாள்" என்றும் சேர்த்து மூன்றாகக் கேளுங்கள். மெட்ராஸ் டெரஸுக்கு ஐ.எஸ். 2119 என்று இந்தியத் தர விதிமுறையே இருக்கிறது. உங்கள் பொறியாளரிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீற்றும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள், குழந்தைகளை நிச்சயமாக விடாதீர்கள்.

நான்காம் படி: ஊர் நாட்காட்டி

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையோடு குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் கோயில்களிலும் விழா நடக்கும். அந்த நாட்களில் ஆள் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் முறையில்லை. தாளில் அந்த வாரத்தை முன்கூட்டியே அடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மட்டும்தான் மழை என்று எண்ணவும் வேண்டாம். சேலத்தில் ஆகஸ்டிலிருந்தே நல்ல மழை உண்டு. கூரை தொடர்பான எதுவும் தை, மாசி, பங்குனிக்குள் அடங்கட்டும். உட்புறத் தச்சு வேலையையும் கதவுகளைச் சுரண்டுவதையும் மழை மாதங்களுக்கு ஒதுக்குங்கள்.

ஐந்தாம் படி: பணம்

தளத்தின் ஓர் ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்த பிறகே மதிப்பீடு கேளுங்கள். அதன்மேல் நான்கில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். சனிக்கிழமைக் கூலியை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். முன்பணம் ஒரு வாரக் கூலியைத் தாண்ட வேண்டாம்.

பிறகு சேர்த்தது: மின்கம்பிக் குழாய்களை எப்போது பதிப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பூச்சுக்கு முன்பு. எனக்கு இது சொல்லத் தேவையில்லாததாகத் தோன்றியதால் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். சுண்ணாம்புச் சுவரை ஆழமாக வெட்டாமல், முடிந்தவரை வெளியே தெரியும்படி குழாய் ஓட்டுவதே நல்லது.

இன்னொரு சேர்க்கை: ஏற்காட்டில் பழைய ஓட்டு வீடு வைத்திருக்கும் ஒருவர், இதே தாளை வைத்துத் தொடங்கியதில் பூச்சு காயவே இல்லை என்று எழுதியிருந்தார். மலைமேல் மூடுபனி மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். சுண்ணாம்பு காயவும் இறுகவும் நாள் கூடும். அங்கே ஒவ்வொரு காத்திருப்பையும் இரட்டிப்பாக்குங்கள். பூச்சை மார்ச், ஏப்ரலில் வையுங்கள். மணல் லாரி இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வர வேண்டும் என்பதால், பொருள் சொல்லிவைக்கும் தேதியையும் முன்னால் தள்ளுங்கள். மலைப்பகுதியில் கட்டட அனுமதிக்குத் தனி விதிகள் உண்டு. அதற்கான நாட்களும் அந்த நெடுவரிசையில்தான் போகும். அவர் தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். சங்கிலி 84-லிருந்து 140 நாளுக்கு மேல் போயிருக்கிறது. நவம்பரில் சுண்ணாம்பு நீற்றப் போகிறார்.