வாடைக்காலத்தில் சொண்டு மீன் இழுப்பது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ரோலிங் என்று வாயைத் திறந்தாலே இங்கே யாழ்ப்பாணத்துக் கரையில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். ரோலர்காரர் கடலடியைச் சுரண்டிக்கொண்டு, போகிற வழியில் எங்கள் ஆட்களின் வலைகளையும் அறுத்துக்கொண்டு போன கதைகள் அப்படி. நான் சொல்லப்போவது அது இல்லை. அந்த ரோலர்காரரின் இழுவைமடியை இலங்கையில் 2017 இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள். இது ஒரு தடி, ஒரு நூல், நூல் நுனியில் சொண்டு வைத்த ஒரு பொம்மை மீன், அதுதான் சொண்டு மீன். படகை மெதுவாக ஓட்டியபடி அதைப் பின்னால் இழுக்கிறோம், அவ்வளவுதான்.

எனக்கு இதைப் பழக்கியது ரொறன்ரோவில் இருக்கிற மச்சான். கார்த்திகை மாதத்தில், ஒன்ராறியோ ஏரியின் குயின்ரி குடாவில், விரல் விறைக்கிற குளிரில் நின்று வோல்ஐ என்ற மீனுக்கு இப்படி இழுப்பவர். போன முறை வந்தபோது ஒரு பெட்டி நிறையப் பொம்மை மீன்களை வைத்துவிட்டுப் போனார். பெட்டி நல்ல பெட்டிதான், ஆனால் அவர் சொல்லித்தந்ததில் பாதி ஏரிக்குத்தான் சரிவந்தது. எங்கள் கடலுக்கு எதை மாற்ற வேண்டும் என்று பிடிபட எனக்கு இரண்டு மாரி போனது.

முதலில் சொண்டைப் பாருங்கள்

கடையிலோ யாராவது தந்த பெட்டியிலோ கிராங்பெயிட் என்கிற இந்தப் பொம்மை மீன் ஒன்றைக் கையில் எடுத்தால் நிறத்தைப் பார்க்காதீர்கள், சொண்டைப் பாருங்கள். மூக்கடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி மீனைக் கீழே அமுக்கும், கூடவே இடமும் வலமும் ஆட்டும். சொண்டு நீளமாக, உடம்போடு ஒரே நேராக முன்னுக்கு நீண்டிருந்தால் ஆழத்துக்குப் போகும். குட்டையாக, கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் மேலேயே ஓடும். றபாலா கம்பனியின் எக்ஸ்றாப் மக்னம் வகையில் பெயரோடு வரும் 10, 15, 20, 30 என்ற எண்களே எத்தனை அடி ஆழம் என்பதைச் சொல்லிவிடும். மச்சானின் பெட்டியில் இருந்த டீப் ரெயில் டான்சர் 11 சென்ரிமீற்றர்தான் நீளம், ஆனால் 30 அடி வரை இறங்கும்.

30 அடி என்றால் எங்கள் கணக்கில் 5 பாகம். பாக்கு நீரிணைப் பக்கம் பெரும்பாலான இடங்களில் 6, 7 பாகத்துக்கு மேல் தண்ணீர் இல்லை, அதனால் இந்தப் பொருள் எங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. கடனீரேரிக்குள் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒரு பாகம், இரண்டு பாகம்தான், சொண்டு சேற்றை உழும். போதாததற்குக் கம்பு நட்டுக் கட்டிய களங்கட்டி வலைகள் வேறு. ஒருவருடைய வலையில் மூன்று தூண்டில் முள்ளைக் கொழுவிவிட்டுக் கரைக்கு வந்தீர்களென்றால் பிறகு நான் பொறுப்பில்லை.

நூலும் கம்பியும்

ஆழத்தைத் தீர்மானிப்பதில் சொண்டுக்கு அடுத்தது நூலின் தடிப்பு. தடித்த தங்கூசியை, அதாவது ஒற்றை நைலோன் நூலை, தண்ணீர் பிடித்து இழுக்கும், பொம்மை மீன் இறங்காது. ஆழ அட்டவணைகளில் வழக்கமாகப் போட்டிருப்பது 10 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசிக்கான கணக்கு. 30 இறாத்தல் பின்னல் நூல் கிட்டத்தட்ட அதே தடிப்புத்தான், 0.28 மில்லிமீற்றர். ஆகவே அதைச் சுற்றிக்கொண்டால் அட்டவணையும் பொருந்தும், பலமும் மூன்று மடங்கு.

நுனியில் ஒரு சாண் கம்பி கட்டாயம். சீலாவின் பல்லுக்கும் அறுக்குளாவின் பல்லுக்கும் பின்னல் நூல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மெல்லிய கம்பியாக இருக்கட்டும், பாரமான கம்பி போட்டால் பொம்மை மீனின் ஆட்டம் செத்துவிடும்.

பாகம் எண்ணிக் குறியிடுங்கள்

புதியவர்கள் விடுகிற பெரிய பிழை இங்கேதான். "கொஞ்சம் விட்டேன்" என்பார்கள். எவ்வளவு? தெரியாது. அப்படியென்றால் மீன் அடித்த ஆழத்துக்கு இரண்டாம் முறை போக முடியாது. மச்சானிடம் மீற்றர் காட்டுகிற றீல் இருக்கிறது, எங்களுக்கு அது தேவையில்லை. வீட்டு முற்றத்தில் நூலை இழுத்து, இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக எண்ணுங்கள். 10 ஆம் பாகத்தில் கறுப்பு மை பேனாவால் ஒரு பட்டை, 20 இல் இரண்டு, 30 இல் மூன்று. என் பாகம் 5 அடி 8 அங்குலம், உங்களுடையது வேறாக இருக்கும், பரவாயில்லை, எப்போதும் ஒரே ஆளின் கையாக இருந்தால் போதும். மை இரண்டு மூன்று பயணத்தில் மங்கும், திரும்பப் பூசிக்கொள்ளுங்கள்.

முதல் 20 பாகத்திலேயே பொம்மை மீன் தன் ஆழத்தின் பெரும்பகுதிக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு நூலைக் கூடவிட்டாலும் கிடைப்பது கொஞ்சம்தான். 40 பாகம் விட்டால் இரண்டு மடங்கு ஆழம் போகும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. போகாது. நூலையும் தண்ணீர் பிடித்து இழுக்கும், ஒரு கட்டத்துக்குப் பிறகு அதுதான் பொம்மை மீனை மேலே தாங்கிப் பிடிக்கும்.

படகோரத்தில் ஒரு சோதனை

நூலை விட முன்னர் பொம்மை மீனைப் படகுக்குப் பக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். நேரே ஓட வேண்டும். உங்களைப் பார்த்து வரும்போது உங்களுடைய இடப்பக்கம் சாய்ந்து ஓடினால், மூக்குக் கம்பி வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் ஒரு மயிரளவு வளையுங்கள். உண்மையாகவே மயிரளவு. கூட வளைத்தால் மற்றப் பக்கம் புரண்டுவிடும், திரும்பத் திரும்ப வளைத்தால் வளையமே கழன்று வரும்.

வேகம்

மச்சானுடைய பாடத்தை அப்படியே எடுக்க முடியாத இடம் இது. ஏரித் தண்ணீரின் வெப்பநிலை 5, 6 பாகை செல்சியசுக்கு இறங்கும்போது மீனின் உடம்பும் குளிர்ந்து மந்தமாகிவிடும், தூரம் துரத்தாது. அதனால் அவர்கள் மணிக்கு 2 கிலோமீற்றர் அளவில் ஊர்வார்கள், கைத்தடி ஊன்றி நடக்கிற கிழவர் அதைவிட வேகமாகப் போவார். எங்கள் கடல் மார்கழி வாடையில்கூட வெதுவெதுப்புத்தான். நாங்கள் போர்த்துக்கொண்டு நடுங்கினாலும் பாரைக்குக் குளிருவதில்லை. 6 இலிருந்து 8 கிலோமீற்றர் வரை நன்றாக அடிக்கும். அதற்கு மேலே போனால் ஏரிக்குச் செய்த சிறிய பொம்மை மீன்கள் உருண்டு மேலே வந்துவிடும், மக்னம் மாதிரிக் கடலுக்குச் செய்தவை தாங்கும்.

வேகத்தைக் கைபேசியில் பார்க்கலாம், ஆனால் அது காட்டுவது தரைக் கணக்கு. நீரோட்டத்தோடு ஓடும்போதும் எதிர்த்து ஓடும்போதும் பொம்மை மீனுக்குப் படுகிற வேகம் வேறு வேறு. தடி நுனியைத்தான் நம்ப வேண்டும். எஞ்சின் ஆகக் குறைத்தும் வேகம் கூடவாக இருந்தால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுங்கள். சிரிக்காதீர்கள், நன்றாக வேலை செய்யும்.

தடி நுனி பேசும்

சொண்டு மீன் சரியாக ஓடினால் நுனி விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும், தையல் மெசினில் கை வைத்த மாதிரி ஒரே சீரான அதிர்வு. அது மந்தமானாலோ நின்றாலோ முள்ளில் சாதாளை என்கிற கடற்புல் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம், உடனே இழுத்துத் துடையுங்கள். சாதாளை சுற்றிய மீனை அரைமணி நேரம் இழுத்துத் திரிந்துவிட்டு "இன்றைக்குக் கடலில் மீனே இல்லை" என்று சொன்னவன் நான். டக், டக் என்று விட்டுவிட்டு இடித்தால் சொண்டு தரையைத் தொடுகிறது. மணல் என்றால் விடுங்கள், அந்தத் தூசிக்கே மீன் வரும். கல்லுப் பார் என்றால் இரண்டு மூன்று பாகம் சுருட்டுங்கள். சிக்கிவிட்டால் இழுத்துப் பறிக்க வேண்டாம். எஞ்சினை நியூட்ரலில் போட்டு நூலைத் தளர்த்துங்கள், பெரும்பாலானவை மிதக்கிற பொம்மை மீன்கள், தாமாகவே பின்வாங்கிக் கழன்று மேலே வரும்.

நேர்கோட்டில் ஓடாமல் பாம்பு போல வளைந்து வளைந்து ஓடுங்கள். இரண்டு தடி போட்டிருந்தால் வளைவின் உட்பக்கத் தடி மெதுவாகும், வெளிப்பக்கத் தடி வேகமாகும். எந்தத் தடியில் அடிக்கிறது என்று பார்த்தால் அன்றைக்கு மீனுக்கு எந்த வேகம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடித்தால்

தடியை வெட்டி இழுக்க வேண்டாம், படகின் ஓட்டமே முள்ளைக் குத்திவிடும். பின்னல் நூல் இழுபடாது, ஆகவே றீலின் பிடியைத் தளர்வாக, 3 கிலோவுக்குக் கிட்ட வையுங்கள். படகை உடனே நிறுத்தாதீர்கள், நூல் தளர்ந்த நொடியில் சீலா கக்கிவிட்டுப் போய்விடும்.

முள்ளைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். முதல் மாரியில், புங்குடுதீவுக்குத் தெற்கே, நல்ல பாரை ஒன்று அடித்துப் படகடி வரை வந்து, முகத்தையும் காட்டிவிட்டுப் போனது. பொம்மை மீனைத் தூக்கிப் பார்த்தால் முள் மூன்றும் குடைக்கம்பி போல நிமிர்ந்திருந்தன. ஏரி மீனுக்குப் போட்ட மெல்லிய முள்ளும் வளையமும் அவை. கடலுக்கென்று செய்த தடித்த முள்ளாக மாற்றிவிட்டு இறங்குங்கள். மாற்றிய பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, இன்னும் மிதக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்தால் ஒரு அளவு சிறிய முள் போடுங்கள்.

எங்கே, எப்போது

வாடை அடிக்கிற நாளில் காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் நினைக்கவே வேண்டாம். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் தீவுகளின் தென்மேற்குப் பக்கம் மறைவாக இருக்கும். தாழமுக்கம் என்று அறிவித்த நாளில் வீட்டில் இருந்து முள்ளைத் தீட்டுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வருகிற விடியற்காலைகள்தான் எனக்குப் பிடித்தவை. உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள், இருக்கைக்குக் கீழே மடித்து வைத்த அங்கி ஒருவரையும் மிதக்கவிடாது.

வீட்டுக்கு வந்தவுடன் பொம்மை மீன்களை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள், ஒரு இரவு விட்டாலே வளையங்கள் கறள் பிடிக்கும். எங்கள் கிணறு கொஞ்சம் உவர், அதனால் குடிக்க எடுக்கிற தண்ணீரில்தான் கழுவுகிறேன், அம்மா பார்க்காத நேரமாக. உடுப்புக் கொடியில் மட்டும் கொழுவாதீர்கள். அப்பாவின் கோயில் வேட்டியிலிருந்து மூன்று முள்ளைக் கழற்ற எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.